ஒசாகாவில் கையில் ஒரே ஒரு சாயங்காலம்: தனியாக, குடிக்காமல், சைவமாக நடக்க முடியுமா?

நவம்பர் கடைசியில் ஒரு கண்காட்சிக்காக ஒசாகா வருகிறீர்கள். நம்பா ஸ்டேஷன் பக்கத்தில் ஹோட்டல். ஒரு சாயங்காலம் மட்டும் ஓய்வு. டோட்டன்போரி வட்டாரத்தில் ராத்திரி தனியாக நடப்பது பாதுகாப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதில் ஒரே வரிதான்: தாராளமாக நடக்கலாம். ஆனால் உங்கள் கேள்வியின் கடைசி வரிதான் என்னை நிறுத்தியது. "குடிக்க மாட்டேன், சுத்த சைவம், பாஷையும் தெரியாது, அங்கே போய் நின்றால் எனக்கு என்ன இருக்கப்போகிறது?" என்று எழுதியிருந்தீர்கள். ஊரே உட்கார்ந்து தின்று குடித்துச் சிரிக்கும் தெருவில் நாம் மட்டும் ஒட்டாமல் நிற்கப்போகிறோமே என்கிற கூச்சம்தான் உங்களை இப்படிக் கேட்க வைத்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது. இதே கூச்சத்தோடு வந்த பலரை இந்தத் தெருக்களில் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் 13 வருடமாக இங்கே மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். கோவை, திருப்பூர், ஓசூர் பக்கத்திலிருந்து பம்ப், பின்னலாடை, இயந்திர உதிரிபாகம் என்று தொழில் விஷயமாக வருகிறவர்களோடு பகல் முழுக்கக் கண்காட்சி அரங்கிலும் தொழிற்சாலையிலும் நிற்பேன். வேலை முடிந்ததும், "ஏனுங் அம்மிணி, இந்த ஊர்ல ராத்திரிக்கு என்னங்க பாக்கலாம்?" என்று கேட்பார்கள். அப்படித் தொடங்கிய நடை இது. ஒரே பாதையில் நூறு தடவைக்கு மேல் போயிருப்பேன். ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஆண்களுக்கான கிளப்புகள், பெண்களை உபசரிக்கும் 'ஹோஸ்ட்' கிளப்புகள் இவற்றுக்குள் நான் போனதே இல்லை. அவற்றைப் பற்றி நான் சொல்வதெல்லாம், போய் மாட்டிக்கொண்டு வந்தவர்களுக்காகக் காவல் சாவடியில் மொழிபெயர்த்தபோது தெரிந்துகொண்டது. அதேபோல வடக்கே உமேதா பக்கம் உள்ள கிதாஷின்ச்சி, கம்பெனிக் கணக்கில் செலவு செய்கிறவர்களின் இடம். அதை இந்தப் பதிலில் சேர்க்கவில்லை.

எல்லோரும் ஹோட்டலிலிருந்து நேராக டோட்டன்போரிக்குப் போய், ஓடும் மனிதன் விளம்பரப் பலகை முன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டு, கூட்டத்தில் இடிபட்டு, அரை மணி நேரத்தில் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். நம்பாவில் மிடோசுஜி ரயில் ஏறி தெற்கே இரண்டாவது ஸ்டேஷனான தோபுத்சுயென்மாயேயில் இறங்குங்கள். அங்கிருந்து வடக்கு நோக்கி நடந்தே உங்கள் ஹோட்டல் பக்கம் வந்துவிடலாம். இரண்டரை கிலோமீட்டர் சொச்சம்தான். நவம்பர் கடைசியில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், ஆகவே ஐந்து மணிக்குத் தொடங்கினால் விளக்குகள் எரியத் தொடங்கும் நேரம் சரியாக இருக்கும்.

முதலில் வருவது ஷின்செக்காய். பெயருக்குப் 'புது உலகம்' என்று அர்த்தம். 1903-ல் நடந்த தேசியத் தொழில் கண்காட்சித் திடலில், 1912-ல் கட்டிய கேளிக்கைப் பேட்டை. வடக்குப் பாதியைப் பாரிஸ் மாதிரியும் தெற்குப் பாதியை நியூயார்க்கின் கோனி தீவுக் கேளிக்கைப் பூங்கா மாதிரியும் அமைத்தார்கள். நடுவில் ஐஃபல் கோபுரத்தைப் பார்த்துக் கட்டிய ட்சூட்டென்காக்கு கோபுரம். அந்தப் பழைய கோபுரம் 1943-ல் தீயில் சேதமாகி, இரும்பு போருக்குப் போய்விட்டது. இப்போது நிற்பது 1956-ல் எழுப்பியது. அதன் உச்சியில் எரியும் விளக்கைக் கவனியுங்கள். வெள்ளை என்றால் நாளைக்கு வெயில், ஆரஞ்சு என்றால் மேகமூட்டம், நீலம் என்றால் மழை. சுற்றுவட்டாரக் கடைக்காரர்கள் இன்றைக்கும் கதவைச் சாத்துவதற்கு முன் ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்ப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

கோபுரத்துக்குப் போகும் முன்பே, ஸ்டேஷனை விட்டு வந்ததும், ஜன்ஜன் யோகோச்சோ என்கிற கூரை போட்ட சந்து வரும். இரண்டரை மீட்டர் அகலம், 180 மீட்டர் நீளம். கடைகளுக்கு ஆள் சேர்க்க அந்தக் காலத்தில் ஷமிசென் வாத்தியத்தை 'ஜன் ஜன்' என்று மீட்டினார்களாம், அதிலிருந்து வந்த பெயர் இது. இந்தச் சந்தில் ஷோகி ஆடும் மன்றம் ஒன்றின் ஜன்னல் தெருவைப் பார்த்து இருக்கும். ஷோகி என்பது ஜப்பானியச் சதுரங்கம். உள்ளே வயதானவர்கள் எதிரெதிரே உட்கார்ந்து காய் நகர்த்துவார்கள். வெளியே நாலைந்து பேர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கண்ணாடி வழியாக ஆட்டம் பார்ப்பார்கள். யாரும் பேச மாட்டார்கள். ஒரு நல்ல நகர்த்தல் விழுந்தால் மட்டும் யாராவது மூச்சை இழுத்து விடுவார். நீங்களும் அவர்கள் பக்கத்தில் போய் நின்றுகொள்ளுங்கள். காசு வேண்டாம், பாஷை வேண்டாம், குடிக்க வேண்டாம். ஊரோடு ஒட்ட முடியுமா என்ற உங்கள் கேள்விக்கு முதல் பதில் அந்த ஜன்னலடியில் கிடைக்கும். ஒரு முறை நான் கூட்டிப்போன நூற்பாலைக்காரர் ஒருவர் அங்கே 40 நிமிடம் நின்றுவிட்டார். விதி ஒன்றும் தெரியாமலேயே, நரைத்த தாடிக்காரர்தான் தோற்கப்போகிறார் என்று என் காதில் சொன்னார். அப்படியேதான் நடந்தது.

இதே சந்திலும் கோபுரத்தைச் சுற்றியும் குஷிகட்சுக் கடைகள். குச்சியில் குத்தி, மாவில் தோய்த்து, ரொட்டித்தூளில் புரட்டி எண்ணெயில் பொரிப்பது. கூலித் தொழிலாளர்கள் நின்றபடி சாப்பிட்டுவிட்டுப் போக ஏற்பட்ட பண்டம். இங்கே உள்ள தாருமா கடை 1929-ல் தொடங்கியது. மேஜையில் பொதுவாக ஒரு சாஸ் பாத்திரம் இருக்கும். கடித்த குச்சியை மறுபடி அதில் முக்கக் கூடாது என்பதுதான் இந்தப் பேட்டையின் சட்டம். எச்சில் பார்க்கிற நமக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. கொரோனாவுக்குப் பிறகு பல கடைகள் சாஸைப் பாட்டிலுக்கு மாற்றிவிட்டன.

சைவக்காரர்களுக்கு இந்த இடத்தில் நான் ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். பட்டியலில் வெங்காயம், தாமரைத்தண்டு, கத்தரிக்காய், சிவப்பு ஊறுகாய் இஞ்சி எல்லாம் இருக்கும். அந்த இஞ்சி ஒசாகாவுக்கே உரிய ருசி. ஆனால் எண்ணெய் ஒன்றுதான். அதே சட்டியில்தான் மாட்டிறைச்சியும் இறாலும் பொரிகின்றன. மாவில் முட்டை இருக்கும். சில கடைகளில் எண்ணெயிலேயே மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ கலப்பார்கள். "வெறும் வெங்காயம்தானே" என்று நினைத்துச் சாப்பிட்டுவிட்டு, அப்புறம் விஷயம் தெரிந்து ராத்திரி முழுக்கத் தூங்காத ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், அது என் தவறு. அன்றிலிருந்து கடைக்குள் நுழையும் முன்பே சொல்லிவிடுகிறேன்.

அதைவிட முக்கியமானது தாஷி. ஜப்பானியச் சமையலின் அடித்தளமே இந்த வடிநீர்தான். கொம்பு என்கிற கடற்பாசியையும், சூரை மீனை வேகவைத்துப் புகையூட்டிக் காயவைத்துச் சீவிய கட்சுவோபுஷியையும் நீரில் இட்டு எடுப்பது. நம்மூர் மாசிக் கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லலாம். மீன் அதேதான், செய்முறையும் கிட்டத்தட்ட அதேதான். ஊடோன் நூடுல்ஸ் குழம்பில், தாகோயாகி என்கிற ஆக்டோபஸ் பணியார மாவில், வேகவைத்த காய்கறியில், முட்டைப் பொரியலில் எல்லாவற்றிலும் இது உண்டு. கண்ணுக்குத் தெரியாது. கடைக்காரரிடம் "மீன் இல்லையே?" என்று கேட்டால், மீன் துண்டு இல்லை என்ற அர்த்தத்தில் "இல்லை" என்பார். அவர் பொய் சொல்லவில்லை, தாஷியை அவர் மீன் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அதனால் கைபேசி மொழிபெயர்ப்பில் "இறைச்சி, மீன், தாஷி மூன்றும் கூடாது" என்று பிரித்து எழுதிக் காட்டுங்கள். பெரும்பாலும் கையைக் குறுக்கே வைத்து 'முடியாது' என்று காட்டுவார்கள். அது மரியாதைக் குறைவு அல்ல, உங்களை ஏமாற்ற விரும்பாததுதான்.

சரி, அப்படியானால் என்ன சாப்பிடுவது? உப்பு போட்டு வேகவைத்த எடமாமே சோயாக் காய், குளிர்காலத்தில் விற்கும் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கட்சுவோபுஷி தூவாமல் கேட்டு வாங்கிய டோஃபு இவை நம்பிச் சாப்பிடக் கூடியவை. டோஃபுவுக்கு மேலே ஊற்றுகிற சாஸையும் வேண்டாம் என்று சொல்லி, உப்பைத் தொட்டுக்கொள்ளுங்கள். முழுச் சாப்பாடு வேண்டும் என்றால் நம்பாவைச் சுற்றி இந்தியக் கடைகள் இருக்கின்றன, பலவற்றை நேபாளக்காரர்கள் நடத்துகிறார்கள். முதலில் அங்கே வயிற்றை நிரப்பிக்கொண்டு, அப்புறம் நடக்கக் கிளம்புவதுதான் என் சைவ விருந்தாளிகளுக்கு நான் சொல்லும் வழி. பசியோடு டோட்டன்போரியில் நடந்தால் எரிச்சல்தான் மிஞ்சும்.

ஷின்செக்காயிலிருந்து வடக்கே போனால் நிப்பொன்பாஷி. மின்னணுப் பொருள், அனிமே பொம்மைக் கடைகள் நிறைந்த நீளமான தெரு. அந்த மோகம் இருந்தால் நில்லுங்கள், இல்லையென்றால் 20 நிமிடத்தில் கடந்துவிடலாம்.

அதற்கு அடுத்தது சென்னிச்சிமாயே. இங்கிருந்துதான் உண்மையான இரவுப் பேட்டை தொடங்குகிறது. எடோ காலத்தில், அதாவது பதினேழாம் நூற்றாண்டு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, இது சுடுகாடும் கொலைக்களமும் இருந்த இடம். அதற்கு அடுத்து வந்த மெய்ஜி காலத்தில் அவற்றை அப்புறப்படுத்தி, வித்தை காட்டுகிறவர்களையும் கூத்துக்காரர்களையும் குடியேற்றினார்கள். தலையை நிமிர்த்திப் பார்த்தால் ஒல்லியான கட்டடங்களின் ஓரத்தில் மேலிருந்து கீழாகப் பெயர்ப்பலகைகள் அடுக்கடுக்காக ஒளிரும். ஒவ்வொரு பலகையும் ஒரு மாடியில் உள்ள ஒரு சின்ன பார். இப்படிப் பல கடைகள் அடைந்து கிடக்கும் கட்டடத்துக்கு 'ஜக்கியோ பிரு' என்று பெயர். படம் எடுக்க அழகாக இருக்கும். ஆனால் 1972 மே 13 அன்று இந்தச் சென்னிச்சிமாயேயில் இருந்த ஒரு பல்பொருள் அங்காடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் பிடித்த தீயின் புகை, ஏழாவது மாடியில் இருந்த காபரே அரங்குக்குள் ஏறி 118 பேர் இறந்துபோனார்கள். டோக்கியோவின் கபுகிச்சோவில் 2001-ல் இதே மாதிரி ஒரு ஒல்லிக் கட்டடத்தில் 44 பேர். இந்த விபத்துகளுக்குப் பிறகு தீயணைப்புச் சட்டங்கள் இறுகின. பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. மாடியில் உள்ள கடைக்குப் போகத் தோன்றினால் படிக்கட்டு எங்கே, அதில் பெட்டி அடுக்கி வைத்திருக்கிறார்களா என்று ஒரு பார்வை பார்ப்பது என் பழக்கம். நீங்களும் பாருங்கள்.

இப்போது பாதுகாப்புக்கு வருகிறேன். வழிப்பறி, கத்தி, பிக்பாக்கெட் என்று நீங்கள் கற்பனை செய்வது இங்கே அபூர்வம். ராத்திரி 11 மணிக்குத் தனியாக இந்தத் தெருக்கள் வழியாக நான் வீட்டுக்குப் போகிறேன், கைப்பையை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டதில்லை. ஆபத்து வேறு உருவத்தில், சிரித்த முகத்தோடு வரும். டோட்டன்போரிக் கால்வாயின் வடகரையில் சோயெமோன்சோ என்று ஒரு தெரு. அங்கேயும் சென்னிச்சிமாயே ஓரங்களிலும் தெருவில் நின்று ஆள் பிடிப்பவர்கள் இருப்பார்கள். இவர்களுக்கு 'கியாகுஹிகி' என்று பெயர். ஆங்கிலம் பேசுவார்கள், சிலர் இந்தி கூடப் பேசுவார்கள். ஒசாகா நகராட்சி இதைக் கட்டுப்படுத்த 2014-லேயே விதி கொண்டுவந்தது, கண்காணிப்பாளர்களும் சுற்றி வருகிறார்கள். ஆனாலும் ஒழியவில்லை.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன், நான் பகலில் மொழிபெயர்த்த ஒரு குழுவில் இருந்த ஐம்பது வயதுக்காரர், ராத்திரி ஒன்றரை மணிக்கு எனக்குப் போன் செய்தார். தெருவில் ஒருவன் "ஒரு மணி நேரம் 3,000 யென், எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம்" என்று அழைத்துப் போயிருக்கிறான். இவர் குடித்தது இரண்டு கோப்பை. பில் 92,000 யென். உட்காரும் கட்டணம், எதிரே உட்கார்ந்த பெண் குடித்ததற்குக் கட்டணம், சேவைக் கட்டணம், நேரம் தாண்டியதற்குக் கட்டணம் என்று வரி வரியாக எழுதியிருந்தார்கள். காவல் சாவடிக்குப் போனோம். போலீஸ்காரர் மிகவும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஆனால் விலைத் தகராறு என்பது சிவில் விவகாரம், அடித்தாலோ மிரட்டினாலோ அடைத்து வைத்தாலோதான் நாங்கள் தலையிட முடியும் என்றார். கடைசியில் கடைக்காரர் கொஞ்சம் இறங்கி வந்தார், இவர் கொஞ்சம் ஏறிக் கொடுத்தார். மறுநாள் காலையில் கண்காட்சியில் அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவரை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஏமாற்றியவன் வெட்கப்படவில்லை, ஏமாந்தவர் வெட்கப்பட்டார்.

ஆகவே நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்றே ஒன்று. தெருவில் வந்து உங்களைக் கூப்பிடுகிற கடைக்குப் போகாதீர்கள். நீங்களாகப் பார்த்து, வாசலில் விலை எழுதியிருந்து, உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்தே தெரிகிற கடைக்குப் போங்கள். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும். அழைப்பவனிடம் நிற்கவும் வேண்டாம், மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். நடையை நிறுத்தாமல் கையை லேசாக உயர்த்தி "தாய்ஜோபு" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். 'பரவாயில்லை, வேண்டாம்' என்று அர்த்தம். இரண்டு மூன்று அடி கூடவே வந்துவிட்டு விட்டுவிடுவான். நல்ல இசாக்கயாக்களிலும், அதாவது குடித்துச் சாப்பிடும் சாதாரணக் கடைகளிலும், நீங்கள் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணத்தில் ஏதாவது வைத்துவிட்டு 300, 400 யென் சேர்ப்பார்கள். அது 'ஓடோஷி', உட்காருவதற்கான கட்டணம் மாதிரி. ஏமாற்று இல்லை. குடிக்காதவர் ஊலாங் தேநீர் சொன்னால் யாரும் ஏற இறங்கப் பார்க்க மாட்டார்கள். ஜப்பானியரிலேயே குடிக்காதவர் நிறையப் பேர்.

பாஸ்போர்ட்டைக் கையோடு வைத்திருங்கள், வெளிநாட்டவர் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஒசாகா நகரத்தின் எல்லாத் தெருக்களிலும் 2025 ஜனவரியிலிருந்து புகைபிடிக்கத் தடை. ரயில் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும், மறுபடி ஐந்து மணி வாக்கில்தான். உங்கள் ஹோட்டல் நடக்கிற தூரம் என்பதால் இது உங்களைப் பாதிக்காது.

இனி டோட்டன்போரி. இந்தத் தெருவுக்குப் பெயர் கொடுத்தது அதன் பக்கத்தில் ஓடும் கால்வாய். 1612-ல் டோட்டன் என்பவர் தன் சொந்தப் பொறுப்பில் வெட்டத் தொடங்கினார். 1615-ல் ஒசாகாக் கோட்டை விழுந்த போரில் அவர் இறந்துபோக, கூட இருந்தவர்கள் வேலையை முடித்தார்கள். புதிதாக வந்த அதிபதி, இறந்தவர் எதிர்த்தரப்பில் நின்றவர் என்று தெரிந்தும் அவர் பெயரையே கால்வாய்க்கு வைத்தார். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. வழிகாட்டிப் பலகைகளிலும் பழைய புத்தகங்களிலும் அவரை யசுய் டோட்டன் என்று பார்ப்பீர்கள். ஆற்றுப்படுகை எங்களுக்குச் சொந்தம் என்று யசுய் குடும்பத்தார் 1965-ல் வழக்குப் போட்டபோது வரலாற்று ஆவணங்களை அலசினார்கள். அவர் நரியசு குலத்தவர் என்ற முடிவு அப்போதுதான் வலுப்பட்டது. 1976-ல் வழக்கும் தோற்றது. கால்வாய் வெட்டிய ஆண்டுகள் உறுதி, குலப்பெயரில்தான் பழைய வழக்கம் தொடர்கிறது.

இந்தத் தெரு சாப்பாட்டுத் தெருவாகப் பிறக்கவில்லை, கூத்துத் தெருவாகப் பிறந்தது. கால்வாய் வெட்டியதும் நாடகக் கொட்டகைகளை இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். 1684-ல் தாக்கேமோதோ கிதாயு இங்கே தன் பொம்மலாட்ட அரங்கைத் திறந்தார், நாடகாசிரியர் சிக்காமத்சு மொன்சாயெமோன் அவருக்காக எழுதினார். ஆட்டம் பார்க்க வந்தவர்களுக்குச் சோறும் தேநீரும் விற்ற கடைகள்தான் இன்றைக்கு மிஞ்சி, தெருவையே பிடித்துக்கொண்டிருக்கின்றன. தலைக்கு மேல் கால்களை அசைக்கும் ராட்சத நண்டு, கட்டடத்தைப் பிய்த்துக்கொண்டு வரும் டிராகன், மேளம் அடிக்கும் கோமாளிப் பொம்மை எல்லாம் வெறும் விளம்பரம் என்றுதான் முதலில் நானும் நினைத்தேன். வருடங்கள் போகப்போக, இவை கொட்டகை வாசலில் ஆள் சேர்க்க வைத்த பொம்மைகளின் வாரிசுகள் என்றே எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம்தான். ஆனால் அப்படிப் பார்த்தால் தெரு முழுவதும் ஒரு மேடையாகிவிடுகிறது. வேடிக்கை பார்ப்பவருக்கும் இங்கே முழு உரிமை உண்டு. உண்மையான பொம்மலாட்டம் பார்க்க வேண்டுமானால், 1984-ல் திறந்த தேசிய புன்ராக்கு அரங்கு கிழக்கே பத்து நிமிட நடைதான். ஒரு பொம்மைக்கு மூன்று பேர். நவம்பரில் வழக்கமாக ஆட்டம் இருக்கும்.

"கியோத்தோக்காரன் உடுத்தியே ஓட்டாண்டியாவான், ஒசாகாக்காரன் தின்றே ஓட்டாண்டியாவான்" என்று இங்கே பழமொழி. தெரு நெடுக அதைக் கண்ணால் பார்க்கலாம். தாகோயாகிக் கடை முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். குழிப்பணியாரச் சட்டிதான், நம் வீட்டில் இருப்பது ஏழு குழி என்றால் இங்கே வரிசை வரிசையாக. மாவை குழி தாண்டி வழிய விட்டு, ஆக்டோபஸ் துண்டைப் போட்டு, இரண்டு ஊசிகளால் வழிந்ததை உள்ளே தள்ளி, கால் வட்டம் கால் வட்டமாகத் திருப்பிப் பந்தாக்குகிறார்கள். பணியாரம் சுட்ட கை உள்ளவர்கள் அந்த மணிக்கட்டை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்கள். நீங்கள் சாப்பிட முடியாது. பார்ப்பதற்குக் காசு கேட்க மாட்டார்கள்.

அப்புறம் எபிசு பாலம். கை இரண்டையும் தூக்கி ஓடும் மனிதன் எதிரே ஒளிர்வான். கிளிகோ மிட்டாய் கம்பெனி 1935-ல் முதலில் வைத்தது, இப்போது இருப்பது 2014-ல் வந்த ஆறாவது, எல்இடி விளக்குகளால் ஆனது. ஒரு மிட்டாயில் 300 மீட்டர் ஓடும் சக்தி என்பது அவர்களின் பழைய விளம்பரம். நள்ளிரவில் அணைத்துவிடுவார்கள். அவனைப் போலவே கையைத் தூக்கிப் படம் எடுத்துக்கொள்ள எல்லோரும் முண்டுவார்கள், நீங்களும் செய்யுங்கள், வெட்கப்பட வேண்டாம். அந்தப் பலகைக்குக் கீழே ஆற்றோரத்தில் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் கூட்டமாக உட்கார்ந்திருந்தால், அவர்களைப் படம் எடுக்காதீர்கள். வீட்டில் இருக்க முடியாமல் வந்த பிள்ளைகள் அவர்களில் உண்டு. 'கிளிகோவுக்குக் கீழே' என்று அர்த்தம் வரும்படி 'குரிஷிதா' என்று அந்த இடத்தைச் சொல்கிறார்கள். வெளிச்சத்துக்கு இவ்வளவு பக்கத்தில் அவர்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மேலே உள்ள விளக்கு மங்கிவிடும்.

மணி எட்டரை ஆகியிருக்கும். கடைசியாகப் போக வேண்டிய இடத்தை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருக்கிறேன். டோட்டன்போரித் தெருவிலிருந்து தெற்கே ஒரு சந்துக்குள் திரும்பி நூறடி நடங்கள். சத்தம் பின்னாலேயே நின்றுவிடும். கல் பாவிய தரை ஈரமாக மின்னும். ஊதுவத்தி வாசம் வரும். இது ஹோசென்ஜி கோவில். 1637-ல் ஏற்பட்டது. ஆயிரம் நாள் நாமஜபம் நடந்த கோவில் என்பதால் மக்கள் இதற்கு 'ஆயிரம் நாள் கோவில்' என்று பெயர் வைத்தார்கள், அதன் முன்னால் இருந்த இடம்தான் நீங்கள் நடந்து வந்த சென்னிச்சிமாயே. 1945 மார்ச் குண்டுவீச்சில் எல்லாம் எரிந்து, ஃபுடோ என்கிற தெய்வத்தின் சிலை மட்டும் தப்பியது. பக்கத்துச் சந்தில் 2002, 2003 இரண்டு வருடமும் அடுத்தடுத்து தீ பிடித்தபோது, புதிதாகக் கட்டினால் பாதையை நாலு மீட்டராக அகலப்படுத்த வேண்டும் என்று சட்டம் குறுக்கே வந்தது. கடைக்காரர்களும் ஊர்க்காரர்களும் போராடி, தனி ஏற்பாடு செய்து, மூன்று மீட்டருக்கும் குறைவான அதே ஒடுக்கத்தை மீட்டுக்கொண்டார்கள். அகலம் கூடியிருந்தால் அந்தச் சந்து செத்திருக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஃபுடோவைப் பாருங்கள். முகம் தெரியாது, கையில் உள்ள வாள் தெரியாது. உச்சி முதல் பாதம் வரை பச்சைப் பாசி, கம்பளம் மாதிரி. வருகிற ஒவ்வொருவரும் மூங்கில் கரண்டியால் நீர் மொண்டு ஊற்றியதில் வளர்ந்த பாசி. போருக்குப் பிறகு ஒரு பெண் வேண்டுதலோடு நீரை வீசியதில் தொடங்கிய பழக்கம் என்பார்கள், அது வாய்மொழிக் கதை. உறுதியாகத் தெரிந்தது பெயர்க்கதை. ஃபுடோ என்றால் அசையாதவன், சமஸ்கிருதத்தில் அசலன். இந்தியாவிலிருந்து சீனா வழியாக வந்த தெய்வம். இரண்டு பக்கமும் பாசி மூடி நிற்கும் சின்னப் பையன்களில் ஒருவன் பெயர் கொங்காரா. அது 'கிங்கரன்' என்ற சொல்லின் ஜப்பானிய உச்சரிப்பு. எமகிங்கரர் என்று நாம் பயந்து சொல்லும் அதே சொல், இங்கே பாசி போர்த்திய ஒரு பிள்ளையாக நிற்கிறது. இதைச் சொன்னதும் என்னோடு வந்த ஒரு பொள்ளாச்சிக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீரை மெதுவாக ஊற்றுங்கள், ஓங்கி அடித்தால் பாசி பெயரும்.

கோவிலை ஒட்டியே 1883-லிருந்து நடக்கும் ஒரு இனிப்புக் கடை இருக்கிறது. மெனுவில் கிட்டத்தட்ட ஒரே பண்டம், ஸென்ஸாய். அசுகி என்கிற சிவப்புப் பயறைச் சர்க்கரையோடு குழைய வேகவைத்து, ஒரு சின்ன அரிசி உருண்டை மிதக்க விட்ட சூடான பாயசம். இறைச்சி இல்லை, மீன் இல்லை, பால் கூட இல்லை. ஓரத்தில் உப்பிட்ட கொம்பு கொஞ்சம் வைப்பார்கள், சோயா சாஸில் வேகவைப்பது. தாஷி சந்தேகம் இருந்தால் அதைத் தொடாமல் விட்டுவிடுங்கள். கடை பத்து மணி வாக்கில் சாத்திவிடும், ஒன்பதுக்குள் போய்விடுங்கள். பண்டத்தின் முழுப்பெயர் மெயோத்தோ ஸென்ஸாய், 'கணவன் மனைவி பாயசம்'. ஒருவருக்கான பாயசத்தை இரண்டு கிண்ணத்தில் பிரித்துத் தட்டில் வைப்பார்கள். தனியாக வந்திருக்கிறேன், ஒன்று போதும் என்று நீங்கள் கைகாட்டினாலும் இரண்டு கிண்ணம்தான் வரும். வலது கிண்ணம் முடிவதற்குள் இடது கிண்ணம் ஆறிவிடும், அதனால் மாற்றி மாற்றிக் குடியுங்கள்.